ஊறட்டும்

எங்கள் வரிசையில் நாலு கடைகள். முதலில் பேட்டரிக்காரர், அடுத்து நான், எனக்கு அடுத்து ஏசி அண்ணன், கடைசியில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு ஷட்டர். நான் காருக்குச் சீட் உறை தைக்கிறவன். தெருவில் டெய்லர் என்பார்கள். வீட்டில் என் மனைவி வேறு என்னென்னவோ சொல்லிக் கூப்பிடுவாள், அதெல்லாம் இங்கே எதற்கு.

ஏசி அண்ணனுக்கு 'ஊறட்டும்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். வைத்த மறுவாரமே அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஒருநாள் புதிதாக வந்த ஆள் ஒருவர் நேரே அவரிடமே போய், "இங்க ஊறட்டும் அண்ணன் கடை எதுங்க?" என்று கேட்டார். "இதுதான், வாங்க" என்றார் அண்ணன். கோபத்தில் கத்தப்போகிறார் என்று மெஷினுக்குப் பின்னால் பதுங்கியிருந்த எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

பெயர் வந்த கதை இதுதான். காரில் ஏசிக்குக் கேஸ் ஓடும் குழாய்கள் அலுமினியம். ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில் நட்டு போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீரும் சேறும் எஞ்சின் சூடும் சேர்ந்து சில வருடத்தில் அந்த நட்டுக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும். அப்புறம் நட்டும் குழாயும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் நட்டு அசையாது, குழாய்தான் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுகும். ஒரு நட்டைக் கழற்றப் போய் மொத்தக் குழாயையும் மாற்றவேண்டி வரும்.

மற்ற கடைகளில் சுத்தியால் தட்டுவார்கள், ஸ்பேனரின் பிடியில் நீளமான பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்குவார்கள், சிலர் நெருப்பைக்கூடக் காட்டுவார்கள். அண்ணன் முதலில் மெஷின் வைத்துக் கேஸை முழுக்க வெளியே எடுப்பார். அதன் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஸ்பேனரைத் தொடமாட்டார். பிறகு கம்பி பிரஷால் நட்டைச் சுற்றித் தேய்ப்பார், துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சுவார், கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, "ஊறட்டும்" என்பார்.

"எவ்ளோ நேரம் அண்ணே?"

"நாளைக்கு வாங்க."

வந்தவர் தாம்தூம் என்று குதிப்பார். அண்ணன் அடுத்த வண்டியின் பானட்டைத் திறப்பார். மறுநாள் இரண்டு ஸ்பேனர் எடுப்பார். ஒன்று குழாயின் பக்கத்தை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. முதலில் கழற்றும் பக்கம் திருப்பமாட்டார், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. பிறகு இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். முகத்தை நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அது என்ன சொல்கிறது என்று கேட்கிற மாதிரி இருப்பார். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், மீதியை விரலாலேயே கழற்றிவிடுவார். பதினாறு வருடத்தில் அவர் கையில் ஒரு குழாய் முறுகி நான் பார்த்ததில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத பிள்ளையும் பிழைக்கத்தான் செய்கிறது, ஆனால் தனியாகப் பிழைக்கிறது. அண்ணன் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. ஆள் இருந்தால் அவனோடு பேசவேண்டும் அல்லவா. மதியம் தன் பழைய பச்சைக் காரின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். கடைக்குள் இருக்கிற ஒரே நாற்காலியில் கழற்றிய ஏசி கம்ப்ரசர் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பச்சைக் காரின் ஏசி செத்து ஆறு வருடம். நான் சும்மா இருப்பேனா?

"ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு பண்ணிக் குடுக்குறீங்க, உங்க வண்டிக்குள்ள முட்டை வேக வைக்கலாம் போலிருக்கே" என்றேன் ஒருநாள்.

"நான் ஒருத்தன்தான போறேன்" என்றார்.

கிண்டல் பண்ணப் போனவன் தையலுக்கே திரும்பி வந்தேன்.

அவருக்கு மனைவி உண்டு, இதே ஊரின் மறுகோடியில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். பிரிந்து பன்னிரண்டு வருடம். சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது யாராவது நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருப்பார்கள். இங்கே சண்டையே இல்லை. "சுவத்தோட குடும்பம் நடத்த முடியல" என்று அந்த அம்மா என் மனைவியிடம் ஒருமுறை சொன்னதாகக் கேள்வி. போகும்போது பதினைந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். போகாதே என்று அவர் சொல்லவில்லை, சொல்வார் என்று அந்த அம்மா வாசலில் கொஞ்சநேரம் நின்றதாகவும் கேள்வி.

மகள் பிறகு படித்து, கல்யாணம் செய்துகொண்டு, கடல் தாண்டிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்குப் போன் வரும். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறக்கிற இரண்டு பைத்தியங்கள் நானும் அவரும்தான் என்பதால் எனக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். "ம். சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? அங்க குளிரா? ம். சரிம்மா." ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்தபிறகு போனைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பார்.

போன கோடையில் ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் மெத்தைக்கான பஞ்சுப் பலகை ஒன்று, சின்னது.

"டெய்லரே, இதுக்கு ஒரு உறை தைக்கணும்."

"எந்த வண்டிக்கு அண்ணே? இவ்ளோ சின்ன சீட்டா?"

"வண்டிக்கு இல்ல. குழந்தைக்கு."

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வந்தது. மகள் ஏழு மாதப் பெண் குழந்தையோடு பன்னிரண்டு நாள் லீவில் வருகிறாள். கல்யாணமாகிப் போனபிறகு இப்போதுதான் முதல்முறையாக வருகிறாள். மருமகனுக்கு லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானம் இறங்குகிறது.

"உங்க வீட்டுலதான தங்கப் போறாங்க?"

"அப்படித்தான் நெனக்கிறேன்" என்றார். நினைக்கிறாராம். கேட்டிருக்கிறீர்களா என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். மற்ற எல்லாக் கேள்வியையும் கேட்ட வாய் அதை மட்டும் கேட்கவில்லை.

மெத்தை உறையைத் தைத்து நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மெயின்ரோட்டைப் பார்த்த மாதிரி மாடியில் இரண்டு அறைகள். பதினாறு வருடப் பழக்கத்தில் அன்றுதான் உள்ளே காலை வைக்கிறேன். உள் அறைக்கு இளமஞ்சளில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார், அவரே அடித்தது என்று தரையிலிருந்த சொட்டுகள் சொல்லின. சின்னத் தொட்டி, சின்ன வாளி, இரண்டு புதுத் தலையணை. டம்ளர்களில் கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் இருந்தது. வீடு முழுக்க அவர் கடை வாசனை அடித்தது.

"என்ன அண்ணே, இங்கயும் எண்ணெய் வாடை?"

"கதவு கிரீச்சுனு கத்துது. பாப்பா முழிச்சிக்குமில்ல" என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக் காட்டினார். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அலமாரிக் கதவு, ஜன்னல், கழிவறைத் தாழ்ப்பாள், எல்லாவற்றுக்கும் துரு எண்ணெய் போட்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உறை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதா என்று மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதோடு பச்சைக் காருக்கும் ஏசி போட முடிவு செய்திருந்தார். முன்னால் கேஸைக் குளிரவைக்கிற கண்டென்சரில் ஓட்டை, அதை மாற்றிக் கேஸ் அடைத்தால் போதும். ஒருநாள் வேலை. ஆனால் நல்ல கோடை. வாசலில் வரிசையாக வண்டிகள். டாக்சிக்காரன் வந்து வெயிலில் பயணி ஏறமாட்டேன் என்கிறான் என்றதும் அவனுக்கு வேலை. வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் வந்ததும் அவருக்கு வேலை. முடியாது என்று சொல்லவும் வாயைத் திறக்கவேண்டும் அல்லவா. சொந்த வண்டியின் முன்பக்கத்தைப் பிரித்தபோது வெள்ளிக்கிழமை மதியம்.

கண்டென்சரில் குழாய்கள் சேரும் இடத்தில் மேல் நட்டு வந்துவிட்டது. கீழ் நட்டு வரவில்லை. ஆறு வருடமாக யாரும் தொடாத நட்டு. எண்ணெய் பீய்ச்சி ஊறப்போட்டார். சனிக்கிழமை காலையில் பார்த்தார், அசையவில்லை. மறுபடி பீய்ச்சினார். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும், "நாளைக்கு வாங்க" என்றிருப்பார். நாளைக்கு அவரே வந்தாகவேண்டிய இடம் விமான நிலையம்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் கடை வாசலில் வந்து நின்றார். எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"டெய்லரே, ஒரு கை வேணும்."

பதினாறு வருடத்தில் அவர் யாரிடமும் ஒரு உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. கத்தரியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

அந்தக் கீழ் நட்டு இருக்கிற இடம் அப்படி. பிடிக்கிற ஸ்பேனர் மேலிருந்துதான் போகும், திருப்புகிற ஸ்பேனர் வண்டிக்கு அடியிலிருந்துதான் எட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யமுடியாது. என் கையை எடுத்து ஸ்பேனரில் வைத்தார், அந்தக் கை மேல் தன் கையை வைத்து ஒருமுறை அழுத்தினார்.

"நீங்க ஒண்ணும் திருப்ப வேணாம். அசையாம பிடிச்சிருந்தா போதும். என்ன ஆனாலும் விட்டுடாதீங்க."

"நான் பிடிச்சா உடும்புப் பிடி அண்ணே" என்றேன். இந்த நாக்கை அறுத்துப் போடவேண்டும்.

அவர் வண்டிக்கு அடியில் போனார். கீழிருந்து ஸ்பேனர் மெதுவாக இறுகுவது என் உள்ளங்கையில் தெரிந்தது. இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம். பத்து நிமிடம் போயிருக்கும். "அசையுது" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது, சத்தியமாக இருந்தது.

அப்போதுதான் என் வாடிக்கையாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். முந்தின நாள் சீட் உறை மாட்டிக்கொண்டு போனவர். "என்ன டெய்லரே, நான் சொன்னது காப்பி கலரு, நீங்க போட்டிருக்கிறது கறுப்பு" என்று ஆரம்பித்தார். அது கறுப்பு இல்லை. வெயிலில் வைத்துப் பார்த்தால் எந்தக் குருடனுக்கும் தெரியும். எனக்கு ஒரு பழக்கம், கையை ஆட்டாமல் பேச வராது. என் மனைவி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், உன் கையைக் கட்டிப்போட்டால் நீ ஊமை என்று.

"கறுப்பா? எதுங்க கறுப்பு?" என்று கையை நீட்டிவிட்டேன்.

ஒரு நொடிதான். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. 'டிக்' இல்லை. தகரத்தை மடக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

அண்ணன் வெளியே வர நேரமாயிற்று. எழுந்து, மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். நட்டு அப்படியே இருந்தது. குழாய் கழுத்தோடு முறுகிப்போயிருந்தது. அந்தப் பழைய மாடலுக்குக் குழாய் எந்தக் கடையிலும் தயாராக இருக்காது, சொல்லி வைத்து வாங்கவேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குப் பிறகு. அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஆள் சனிக்கிழமை மதியமே கடையைச் சாத்திவிடுவார்.

"அண்ணே..." என்றேன்.

"பரவால்ல டெய்லரே" என்றார். "உங்க ஆளு காத்திருக்கார் பாருங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்பேனர்களைத் துடைத்து, அதனதன் இடத்தில் மாட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு மகளுக்குப் போன் செய்தார். கிளம்பும் அவசரத்தில் இருந்திருப்பாள், பின்னால் குழந்தை அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"வண்டி ரெடியாகலம்மா. ஆமா, ஏசி. குழந்தைக்கு இந்த வெயில் ஆகாது. நீ ஒரு டாக்சி பிடிச்சு அம்மா வீட்டுக்கே போயிடு. ம். சரிம்மா."

போனை வைத்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். "என்ன அண்ணே சொல்றீங்க? அம்மா வீட்டுக்கு எதுக்குப் போகச் சொல்றீங்க? நீங்களே ஒரு டாக்சில போய்க் கூட்டிட்டு வாங்களேன். நமக்குத் தெரிஞ்ச டாக்சிக்காரங்க எத்தன பேரு! எல்லா வண்டிலயும் நீங்க போட்ட ஏசிதான!"

நாலு வார்த்தைக்கு மேல் அவர் பேசி நான் கேட்ட அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

"என் வண்டின்னா நான் ஓட்டுவேன். நேரா வீட்டுக்கு வந்து நிக்கும். யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம். டாக்சின்னா, ஏறி உக்காந்ததும் எங்க போகணும்னு கேப்பான். அவ யோசிப்பா. என் முன்னாடி அவ யோசிக்கிறத நான் பாக்கணுமா?"

பெரிய மனிதர், அறுபதைத் தொடப்போகிறவர், ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு காரையே பிரித்துப் போட்டிருக்கிறார். 'நம்ம வீட்டுக்கு வாம்மா.' நாலு சொல் கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்பேனரை விட்ட கை என்னுடையது. பேச எனக்கு என்ன யோக்கியதை இருந்தது.

மகள் வந்தாள், அம்மா வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை மாலை அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனார். மறுநாள் விசாரித்தேன். போய்க் கூடத்தில் உட்கார்ந்தாராம். காப்பி கொடுத்தார்களாம். மச்சான், "வண்டில காத்து சரியா வரல மாமா" என்று சொன்னாராம். இறங்கிப்போய்ப் பார்த்தாராம், ஒரு நட்டில் லேசான கசிவு. சரிசெய்து முடித்து நிமிர்ந்தபோது இருட்டிவிட்டதாம்.

"பாப்பாவத் தூக்கினீங்களா?"

"கையெல்லாம் எண்ணெய்" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு முறை போனார், இரண்டு முறையும் அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார். பகலில் முன்பைவிட அதிகமாக வேலை செய்தார். சொல்லி வைத்த குழாய் வந்தது, அது வேறு மாடலுக்கானது. திருப்பி அனுப்பினார். பச்சைக் கார் முன்பல் விழுந்த கிழவன் மாதிரி, முன்பக்கக் கிரில் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன, மஞ்சள் பெயின்ட் அடித்த அறையில் யாரும் படுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், அதாவது அவள் கிளம்புகிற நாள், மதியம் ஒரு மணிக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவளின் நெற்றியும் மூக்கும் அண்ணனை அப்படியே உரித்து வைத்திருந்தன. அண்ணன் சரியான குழாய் வந்துவிட்டதா என்று பார்க்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். என் கடையில் மின்விசிறி இருக்கிறது, உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"நீங்கதான டெய்லர் அங்கிள்? அப்பா உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு."

"என்னம்மா சொன்னாரு?"

"நல்லாப் பேசுவாருன்னு."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தை என் மெஷினில் இருந்த நூல்கண்டைப் பார்த்துக் கையை நீட்டியது. கொடுத்தேன்.

அவள் அண்ணனுடைய கடையைப் பார்த்தபடியே பேசினாள். "நான் இங்க அப்பாகூடத் தங்கலாம்னுதான் அங்கிள் வந்தேன். அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன். கிளம்புற நேரத்துல போன் பண்ணி அம்மா வீட்டுக்குப் போன்னுட்டாரு. குழந்தையோட வந்தா அவருக்குத் தொந்தரவுன்னு நெனச்சாரோ என்னவோ. அவர் தனியா இருந்தே பழகிட்டாருல்ல."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மஞ்சள் பெயின்ட், மெத்தை, ஸ்டிக்கர் பிரிக்காத டம்ளர், கத்தாத கதவுகள். டாக்சிக்காரன் கேட்கிற கேள்விக்குப் பயந்தது வரை சொன்னேன். குழாயை மட்டும், "முறுகிப்போச்சும்மா" என்றேன். யார் கையால் என்று சொல்லவில்லை. நல்லாப் பேசுகிறவனுக்கு அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதபடியே சிரித்தாள். "கதவுக்கு எண்ணெய் போட்டாரா?" என்று கேட்டாள்.

"போம்மா, இப்பவே அவரக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. விமானம் ராத்திரிதான? ரெண்டு மணி நேரம் இருந்துட்டுக் கிளம்பு. நீயே கேளு, என்ன கொறஞ்சிடும்?"

தலையை ஆட்டினாள். "நான் கேட்டா சரின்னுதான் சொல்லுவாரு. எதுக்கும் சரின்னுதான் சொல்லுவாரு. அம்மா போறேன்னு சொன்னப்பவும் சரின்னுதான் சொன்னாரு. எனக்காகச் சொல்றாரா, அவருக்கே வேணும்னு சொல்றாரான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது அங்கிள். ஒரே ஒரு தடவ, அவரா கூப்பிடட்டும்."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வண்டி இன்னும் ஆகலம்மா" என்றார். பன்னிரண்டு நாள் கழித்துத் தன் கடைக்கு வந்த மகளிடம் முதல் வார்த்தை அது.

"ஓடுதில்லப்பா? ஏசி வேணாம், கண்ணாடிய இறக்கிக்கலாம். அம்மா வீட்டுல பெட்டிய எடுத்துக்கிட்டு, என்னை ஏர்போர்ட்ல நீங்களே விடுங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவசர அவசரமாகக் கிரில்லை எடுத்து மாட்டினார். பின்சீட்டை மூன்று முறை துடைத்தார். அவள் ஏறி உட்காரும்போது நான் அவரை ஒரு ஓரமாக இழுத்தேன்.

"போற வழிதான உங்க வீடு. நிறுத்துங்க. மேல கூட்டிட்டுப் போய் ரூமக் காட்டுங்க. புரியுதா?"

"ம்" என்றார். "புரியுது."

குழந்தை என் நூல்கண்டோடு போயிற்று. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, ஒரே தையலை இரண்டு தடவை பிரித்தேன்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் பச்சைக் காரின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கிரில்லை மறுபடி கழற்றிவிட்டார். பூட்டைக்கூடத் தரையில் போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன்.

"வீட்டுக்குப் போனீங்களா?"

"வாசல் வந்ததும் மெதுவா ஓட்டினேன்" என்றார். "அவ ஜன்னல்ல எட்டி மாடியப் பாத்தா."

"அப்புறம்?"

"பின்னால ஒரு லாரி. ஹாரன் அடிச்சுட்டே இருந்தான்."

"ஓரமா நிறுத்த வேண்டியதுதான!"

"நிறுத்தினா எதுக்குன்னு கேப்பா."

எனக்கு வந்ததே கோபம். பேட்டரிக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "மனுஷனா நீங்க? அவ காத்துக்கிட்டு இருந்தா, தெரியுமா? நீங்க வாயத் தொறந்து ஒரு தடவ கூப்பிடணும்னு காத்துக்கிட்டு இருந்தா. எங்கிட்டச் சொன்னா. உங்ககூடத் தங்கத்தான் வந்தாளாம். பன்னெண்டு நாளும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாளாம்!" கத்துகிற வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. "அன்னைக்கு நான் அந்தப் பாழாப்போன ஸ்பேனர விடாம இருந்திருந்தா..."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்படியா சொன்னா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சொன்னா."

"எங்கூடத் தங்கணும்னா?"

"ஆமா."

கார் பானட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கோபமெல்லாம் எங்கேயோ வடிந்துவிட்டது.

"இப்பவே போன் பண்ணுங்க அண்ணே" என்றேன், மெதுவாக.

"இப்ப வானத்துல இருப்பா."

"எறங்கினதும் பண்ணுங்க."

"பண்றேன்."

"பண்ணி என்ன சொல்லுவீங்க?"

ரொம்பநேரம் யோசித்தார். உதடு இரண்டு முறை அசைந்தது.

"நல்லபடியாப் போய்ச் சேந்தியான்னு கேப்பேன்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் அவ வச்சிடுவா."